பொய்க்கும் சொல்லும் பொய்க்காத பொருளும்: கோதிக் புனைகதையில் கதைசொல்லியும் குறியீடும்

தோற்றுவாய்

கதையொன்றைப் படிக்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஓர் உடன்படிக்கைக்கு இசைகின்றனர். கதை சொல்பவர் கூறுவதை, ஐயுறக் காரணம் தோன்றும்வரை, மெய்யெனக் கொள்வதே அவ்வுடன்படிக்கை. மழை பெய்தது என்று அவர் கூறினால் பெய்ததாகவே கொள்கிறோம்; கதவு திறந்தது என்றால் திறந்ததாகவே கொள்கிறோம். இந்நம்பிக்கை இல்லையேல் புனைகதை என்னும் கலையே நடைபெறாது.

இந்நம்பிக்கையையே தம் கருவியாகக் கொண்டவர்கள் கோதிக் புனைகதை ஆசிரியர்கள். அவர்களுடைய கதைகளில் பேசுபவரின் சொல் ஓரிடத்தில் தளர்கிறது. நாம் இதுவரை நம்பியது சரிதானா என்னும் ஐயம் எழுகிறது. அந்த ஐயமே பேயினும் பெரிய அச்சத்தைத் தருகிறது.

வகுப்பறையில் இத்தகைய கதைகளைக் கற்பிக்கும்போது மாணவர் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: கதைசொல்லிக்குப் பித்துப் பிடித்துவிட்டது, ஆகவே அவர் சொல்வன எல்லாம் பொய். இவ்விடையை முழுதும் தவறென்று நாம் தள்ளிவிட இயலாது. ஆயினும், வாசிப்பு எங்குத் தொடங்கவேண்டுமோ அங்கேயே அது முடிந்துவிடுகிறது. நம்பகமற்ற கதைசொல்லி பயனற்ற சாட்சி அல்லர். அவர் சொல்வதில் எதனை ஏற்பது, எதனை ஐயுறுவது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. அவ்வழியைக் காட்டுவது பெரும்பாலும் கதையினுள் கிடக்கும் ஒரு பொருள்: ஒரு சன்னல், ஒரு விரிசல், சுவரில் ஒரு தடம். கதைசொல்லியையும் குறியீட்டையும் தனித்தனிப் பாடங்களாக அன்றி ஒன்றாகக் கற்பிக்கவேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

பெயரும் பிறப்பும்

கோதிக் என்னும் சொல் கோத் என்னும் பண்டைய ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. பின்னர் அது ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடக்கலையைச் சுட்டும் பெயராயிற்று. தொடக்கத்தில் அப்பெயரில் இகழ்ச்சியே மிகுதி. செம்மை வாய்க்காதது, நாகரிகமற்றது என்னும் பொருளிலேயே அதனை வழங்கினர். 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் அவ்விடைக்காலக் கலைமீது புதிய விருப்பம் பிறந்தது. ஹொரேஸ் வால்போல் என்பவர் டுவிக்கன்ஹாம் என்னுமிடத்தில் தம் இல்லத்தையே அப்பாணியில் கட்டிக்கொண்டார். 1764 டிசம்பரில் அவர் வெளியிட்ட 'ஒட்ராண்டோக் கோட்டை' என்னும் புதினமே கோதிக் புனைகதையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அந்நூலின் முதற்பதிப்பு ஒரு பொய்யுடன் தொடங்கியது என்பது நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி. முகப்பில் வால்போலின் பெயர் இல்லை. இத்தாலியப் பாதிரியார் ஒருவர் எழுதியதை வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்ததாக அது கூறிற்று. மூலநூல் 1529இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சானதென்றும், வட இங்கிலாந்தின் பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில் கிடைத்ததென்றும் முன்னுரை விவரித்தது. பாதிரியாரும் மொழிபெயர்ப்பாளரும் கற்பனை மாந்தர். நூல் வரவேற்புப் பெற்றபின், 1765இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் வால்போல் உண்மையை ஒப்புக்கொண்டார். 'ஒரு கோதிக் கதை' என்னும் துணைத்தலைப்பும் அப்போதுதான் சேர்ந்தது. ஆகவே இவ்விலக்கிய வகையின் முதற்பக்கத்திலேயே நம்பத்தகாத ஒரு குரல் நின்றது எனலாம்.

குறியீடும் அங்கேயே இருந்தது. பேருருவான தலைக்கவசம் ஒன்று வானிலிருந்து வீழ்ந்து, கோட்டைத் தலைவன் மான்ஃபிரெடின் மகனை மணநாளில் நசுக்கிக் கொல்கிறது. மான்ஃபிரெட் தன் உரிமையை வற்புறுத்திப் பேசிக்கொண்டே இருக்கிறான். ஆனால் அவன் பாட்டனின் ஓவியம் பெருமூச்செறிகிறது. பழைய தலைவன் அல்ஃபோன்சோவின் சிலை குருதி சிந்துகிறது. அப்பாட்டன் அல்ஃபோன்சோவை நஞ்சூட்டிக் கொன்று கோட்டையைக் கவர்ந்தவன் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. மனிதர் மறைத்ததைப் பொருள்கள் சொல்லிவிடுகின்றன. பின்வந்த கோதிக் ஆசிரியர்கள் இந்த அமைப்பை மேலும் நுட்பமாக்கினர்.

நம்பகமற்ற கதைசொல்லி

இக்கலை பழையது, இதற்கான பெயர் புதியது. அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961இல் வெளியிட்ட 'புனைகதையின் அணியியல்' என்னும் நூலில்தான் நம்பகமற்ற கதைசொல்லி என்னும் கலைச்சொல்லை வகுத்தார். ஒரு படைப்பு தன் முழுமையில் எவற்றை மதிக்கிறதோ அவற்றோடு கதைசொல்லியின் பேச்சும் செயலும் ஒத்துச் சென்றால் அவர் நம்பத்தக்கவர். முரண்பட்டால் நம்பத்தகாதவர் என்பது அவர் தந்த அளவுகோல்.

இத்தகைய கதைசொல்லிகளைக் கற்பிக்கும் வசதிக்காக நாம் மூவகையாகப் பிரிக்கலாம். பிறரை ஏமாற்றுவோர் முதல்வகையினர். தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோர் இரண்டாம் வகையினர். தாம் கண்டதைச் சொல்லியும் பிறரால் நம்பப்படாதோர் மூன்றாம் வகையினர். இம்மூன்றாம் வகையினரே நம் கவனத்தை மிகுதியும் வேண்டுவோர்.

இங்கு மொழியியல் நோக்கில் ஒன்றைக் குறிப்பிடுவோம். தமிழில் 'வந்தான்' என்பது பேசுபவர் தம் பொறுப்பில் கூறுவது. 'வந்தானாம்' என்பது பிறர் சொல்லக் கேட்டது. 'வந்தான் போலும்' என்பது உய்த்துணர்ந்தது. அறிவு எவ்வழி வந்தது என்பதை ஒரு சிறு இடைச்சொல்லாலேயே நாம் புலப்படுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொற்களும் தொடர்களும் வேண்டும். அவை இல்லாதபோது கண்டவரும் கருதியவரும் ஒரே இறந்தகால வினையால் பேசுவர். கோதிக் கதைசொல்லி இவ்விடைவெளியில்தான் வாழ்கிறார். தாம் ஊகித்ததைக் கண்டதுபோலக் கூறுகிறார். நாமும் கண்டதாகவே கொள்கிறோம். இக்கதைகளைத் தமிழாக்கும் மாணவர் 'ஆம்', 'போலும்' ஆகியவற்றைச் சேர்ப்பதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஓர் இடைச்சொல்லைச் சேர்த்த அளவிலேயே, ஆசிரியர் இறுதிவரை அவிழ்க்காது வைத்த முடிச்சு அவிழ்ந்துவிடக்கூடும்.

குறியீடு செய்யும் பணி

உவமையில் பொருளும் உவமையும் எதிரெதிர் நிற்கும். குறியீடோ முதலில் கதையில் உள்ள ஒரு பொருளே. சன்னல் சன்னலாகவே இருக்கிறது. கதை வளர வளர அதன்மேல் வேறொரு பொருளும் படிகிறது.

தமிழ் மாணவர்க்கு உள்ளுறை பழக்கமானது. அகப்பாடலில் நேரே கூறவியலாததைத் தோழியோ தலைவியோ நிலத்தின் கருப்பொருள்வழி உணர்த்துவர். அங்குப் பேசுபவர் அறிந்தே உணர்த்துகிறார். கோதிக் கதையின் நிலை வேறு. அங்குப் பேசுபவர் ஒரு பொருளை வருணிக்கிறார். அது தமக்கு எதிராகவே சான்று பகர்கிறது என்பதை அவர் அறியார். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஐந்து கதைகளைக் காண்போம்.

தரைப்பலகையின் கீழ் ஒரு துடிப்பு

எட்கர் ஆலன் போவின் 'காட்டிக்கொடுத்த இதயம்' 1843இல் வெளிவந்த மிகச் சிறிய கதை. பெயரில்லாக் கதைசொல்லி ஒருவர் தமக்குப் பித்தில்லை என்று நிறுவ முற்படுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, ஒரு முதியவரை எவ்வளவு திட்டமிட்டுக் கொன்றார் என்பதே. முதியவர்மீது அவருக்குப் பகையில்லை, பொருளாசையும் இல்லை, அன்பே இருந்தது என்கிறார். முதியவரின் படலம் படர்ந்த வெளிர்நீலக் கண் ஒன்றே அவரால் தாங்கவியலாதது. ஏழு இரவுகள் நள்ளிரவில் கதவைத் திறந்து பார்க்கிறார். கண் மூடியிருந்ததால் கொல்லவில்லை. எட்டாம் இரவில் கண் திறந்திருந்தது.

கொன்றபின் உடலைத் தரைப்பலகைகளின் கீழ் மறைக்கிறார். அயலார் அலறல் கேட்டதாக முறையிட, காவலர் மூவர் வருகின்றனர். தம் கனவில் தாமே அலறியதாகவும், முதியவர் வெளியூர் சென்றிருப்பதாகவும் கதைசொல்லி கூறுகிறார். காவலர் நம்பிவிடுகின்றனர். அவர்களை ஏமாற்றிய பொய் வென்றுவிட்டது. அதன்பின்னரே இதயத் துடிப்பு கேட்கிறது; அது வளர்கிறது; இறுதியில் அவரே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

அத்துடிப்பு யாருடையது? இறந்தவரின் இதயம் துடித்தது என்று கொண்டால் இது பேய்க்கதை. தம் இதயத் துடிப்பையே அவர் கேட்டார் என்று கொண்டால் இது மனச்சான்றின் கதை. இவ்விரண்டிற்கும் கதை இடந்தருகிறது. பஞ்சில் பொதிந்த கைக்கடியாரத்தின் ஒலி போன்றது அது என்று கொலைக்கு முன்னும் பின்னும் ஒரே உவமையால் அவர் விளக்குவது கருதத்தக்கது. கண் என்னும் குறியீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லும் தன்மை ஒருமைப் பெயரும் 'ஐ' என்றே ஒலிக்கும். அக்கண்ணை ஒழிக்கவேண்டும் என்று அவர் சொல்லும்போதெல்லாம், தம்மையே ஒழிக்கவேண்டும் என்று கூறுவதாகவும் செவியில் விழுகிறது. தமிழாக்கத்தில் இவ்வொலியொப்புமை மறைந்துவிடும். ஆகவே ஆசிரியர் இதனைத் தனியே விளக்கவேண்டியுள்ளது.

விரிசலும் நாணமும்

போவின் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' 1839இல் வெளிவந்தது. இதன் கதைசொல்லி மேற்கண்டவர் போன்றவர் அல்லர், அமைதியானவர், கற்றவர். நோயுற்ற இளமை நண்பன் ரோடரிக் அஷருக்குத் துணையாக வருபவர். அவரை ஐயுற நமக்குக் காரணம் தோன்றுவதில்லை. மாளிகையைக் கண்டதும் அதன் சன்னல்கள் வெறித்த கண்கள்போல் தோன்றுவதைச் சொல்கிறார். கூரையிலிருந்து கீழே நீர்நிலைவரை நெளிந்து இறங்கும், எளிதில் புலப்படாத ஒரு விரிசலையும் குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் அஷர் இல்லம் என்பது கட்டடத்தையும் குடும்பத்தையும் ஒருசேரக் குறிக்கும். நம் மொழியிலும் 'குடி' என்னும் சொல் ஓரளவு இவ்விரு பொருளும் தரும்.

ரோடரிக்கின் இரட்டைத் தங்கை மேடலின் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. கதைசொல்லி சவப்பெட்டியைச் சுமந்து நிலவறையில் வைக்க உதவுகிறார். மூடும் முன் அவள் முகத்திலும் மார்பிலும் மெல்லிய செம்மை படர்ந்திருந்ததைக் காண்கிறார். அவளுடைய நோய்வகைக்கு அது இயல்பே என்று தமக்குத் தாமே விளக்கம் கூறிக்கொள்கிறார். பெட்டியின் மூடி திருகாணியிட்டு முடுக்கப்படுகிறது. சில நாள் கழித்துப் புயலிரவில் மேடலின் குருதி தோய்ந்த ஆடையுடன் வந்து நிற்கிறாள். உயிருடன் புதைக்கப்பட்டவள் அவள்.

இங்குக் கதைசொல்லி நம்மிடம் எதனையும் மறைக்கவில்லை. செம்மையைக் கண்டார், கண்டதாகவே கூறினார். காட்சி மெய், அதற்கு அவர் தந்த விளக்கமே பிழை. அப்பிழையை ஓர் உயிர் தாங்கவேண்டியதாயிற்று. தாமும் அப்புதைப்பில் பங்குகொண்டவர் என்பதை அவர் ஒருமுறையும் எண்ணிப்பார்ப்பதில்லை. இறுதியில் அந்த விரிசல் அகன்று, மாளிகை பிளந்து நீர்நிலையுள் அமிழ்கிறது. முதல்நாளே அவர் கண்டு பொருட்படுத்தாமல் விட்டது அந்த விரிசல்.

பணிப்பெண்ணின் ஒரு விடை

எமிலி பிராண்டி 1847இல் எல்லிஸ் பெல் என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' புதினத்தில் இரு கதைசொல்லிகள் உள்ளனர். வெளியூரிலிருந்து வந்த லாக்வுட் முதலாமவர். இரண்டாம் முறை அவ்வில்லத்திற்குச் சென்றபோதே அவர் மெத்தையில் கிடந்த செத்த முயல்களைப் பூனைகள் என்று கருதிப் பேசி நகைப்புக்கு இடமாகிறார். இவர் கண்ணை முழுதும் நம்பவேண்டா என்று ஆசிரியர் நமக்கு அறிவுறுத்தும் முறை இது.

இரண்டாமவர் நெல்லி டீன் என்னும் பணிப்பெண். நடைமுறை அறிவு மிக்கவர். மாணவர் அனைவரும் அவரை நம்புவர். கேத்தரின் தன் மனத்தை அவரிடம் திறந்து பேசும் காட்சியை உற்றுநோக்க வேண்டும். ஹீத்கிளிஃப்பை மணப்பது தனக்கு இழிவு என்று கேத்தரின் கூறும் அளவில், அறையின் மறுபுறம் அமர்ந்திருந்த ஹீத்கிளிஃப் எழுந்து சென்றுவிடுகிறான். அவனைத் தன்னினும் மேலாக நேசிப்பதாக அவள் கூறும் பின்பகுதியை அவன் கேட்கவில்லை. அவன் சென்றதை நெல்லி பார்த்தார். பேச்சை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் கேட்ட கேத்தரினிடம், ஜோசப்பின் வண்டி வரும் ஒலியையே காரணமாகக் கூறினார். வண்டி வந்தது மெய்யே. ஆனால் சொல்லவேண்டியது அதுவன்று. இரு தலைமுறைத் துயரம் இவ்வொரு விடையை ஒட்டி விரிகிறது. சொன்னது மெய்யாகவே இருந்தும், சொல்லாமல் விட்டதால் ஒருவர் நம்பகமற்றவர் ஆகலாம்.

இப்புதினத்தின் குறியீடு சன்னல். உடைந்த கண்ணாடி வழியே உள்ளே வர இரக்கும் சிறுமியின் கையை, கனவிலோ நனவிலோ, லாக்வுட் கண்ணாடி விளிம்பில் தேய்க்கிறார். நாகரிகமானவர் என்று தம்மைக் கருதிக்கொள்பவர் அவர். அக்கொடுமையைக் கூறுபவரும் அவரே.

சுவரில் ஒரு தடம்

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. மகப்பேற்றுக்குப்பின் உளச்சோர்வுற்ற பெண் ஒருத்தியின் நாட்குறிப்பாக அமைந்தது. கணவன் ஜான் மருத்துவன். அவள் உடன்பிறந்தானும் மருத்துவன். எழுதுவதையும் உழைப்பதையும் விட்டு ஓய்வெடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய தீர்ப்பு. கோடைக்கு வாடகைக்கு எடுத்த மாளிகையின் மேல்மாடி அறையில் அவளைத் தங்கவைக்கின்றனர். சன்னல்களுக்குக் கம்பி, சுவர்களில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில். முன்பு குழந்தைகளின் அறையாக இருந்திருக்கும் என்று அவள் ஊகிக்கிறாள். அடைத்துவைக்கும் அறை என்று ஐயுறத் தொடங்குவோர் நாமே.

மஞ்சள் சுவர்த்தாளின் கோலத்திற்குப் பின்னே ஒரு பெண் ஊர்ந்து திரிவதாக அவளுக்குத் தோன்றுகிறது. நிலவொளியில் அக்கோலம் கம்பிகளாகிறது. பின்னிருக்கும் பெண்ணை விடுவிக்க அவள் தாளைக் கிழிக்கிறாள். இதனைப் பித்தென்று முடித்துவிடலாம். ஆனால் சுவரின் அடிப்பகுதியில் அறை முழுதும் சுற்றிச் செல்லும் ஒரு தேய்ப்புத் தடத்தை அவள் குறிப்பிட்டு, யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று வியக்கிறாள். கதையின் முடிவில் அவள் ஊர்ந்து செல்கையில் அவள் தோள் அத்தடத்தில் பொருந்துகிறது. வியந்தபோதே அவள்தான் ஊர்ந்துகொண்டிருந்தாளா, அன்றி அவளுக்கு முன்னும் அவ்வறையில் ஒருத்தி இருந்தாளா? அத்தடம் நம்மை முதற்பக்கத்திற்கே திருப்பி அனுப்புகிறது.

கில்மன் தம் மகள் பிறந்தபின் இத்தகைய சோர்வுற்று, 1887இல் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வெய்ர் மிட்செல் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் ஓய்வு மருத்துவம் பெற்றவர். வாழ்நாள் முழுதும் எழுதுகோலைத் தொடவேண்டா என்று தமக்கு அறிவுரை கூறப்பட்டதாகவும், ஏறத்தாழ மூன்று மாதம் அதன்படி நடந்து மனம் சிதையும் நிலையை அடைந்ததாகவும் 1913இல் எழுதினார். கதையில் அப்பெண் சுவர்த்தாளில் கண்டது மெய்யன்று. தன்னை ஏதோ அடைத்துவைத்திருக்கிறது என்று உணர்ந்தது மெய். அளவையும் பட்டமும் உடைய ஜான் கூறியவை ஒவ்வொன்றும் அறிவுக்கு ஒத்தவை. அவள் தேறிவருகிறாள் என்று அவன் உறுதியாகக் கூறியதோ மெய்யன்று. நம்பகமற்றவர் யார் என்னும் வினா இங்குத் தலைகீழாகிறது.

கண்ணாடிக்கு வெளியே நின்றவர்

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' 1898இல் வெளிவந்தது. இருபது வயதான பெண்ணொருத்தி இல்லத்து ஆசிரியையாக ஒரு நாட்டுப்புற மாளிகைக்கு வருகிறாள். மைல்ஸ், ஃப்ளோரா என்னும் இரு குழந்தைகள் அவள் பொறுப்பில் உள்ளனர். எதற்காகவும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர்களுடைய பெரிய தந்தை விதித்த கட்டளை. இறந்துபோன ஊழியர் இருவரின் ஆவிகள் குழந்தைகளைத் தேடி வருவதாக அவள் நம்புகிறாள். வேறெவரும் ஆவியைக் கண்டதாக ஒப்புக்கொள்வதில்லை. அவளது கையெழுத்துப் படியை டக்ளஸ் என்பவர் பல்லாண்டு கழித்துப் படித்துக்காட்ட, அதனைப் படியெடுத்த மற்றொருவர் நமக்குத் தருகிறார்.

ஆவிகள் அவள் மனமயக்கமே என்று எட்மண்ட் வில்சன் 1934இல் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. எதிர்த்தோர் ஒரு வலிய சான்று காட்டினர்: தான் முன்பின் அறியாத குவின்ட்டின் தோற்றத்தை அவள் விவரிக்க, இல்லப் பொறுப்பாளர் திருமதி குரோஸ் அவன் யாரென்று கண்டுகொள்கிறார். இவ்விவாதத்திற்கு முடிவில்லை, முடிவின்மையே நூலின் அமைப்பு.

ஆயினும் ஒரு காட்சியை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். சன்னலுக்கு வெளியே குவின்ட்டின் உருவைக் கண்ட ஆசிரியை வெளியே ஓடுகிறாள். அங்கு எவரும் இல்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்று, கண்ணாடியில் முகம்வைத்து உள்ளே பார்க்கிறாள். அப்போது அறைக்குள் வந்த திருமதி குரோஸ் அவளைக் கண்டு வெளிறிப்போகிறார். பேய் நின்ற இடத்தில் இப்போது ஆசிரியை நிற்கிறாள். அஞ்சப்பட வேண்டியவர் யார் என்பதைக் கண்ணாடி முன்னரே சொல்லிவிட்டது. குவின்ட் மைல்ஸைத் தேடியே வந்தான் என்று பின்னர் அவள் அடித்துக் கூறுவாள். அவள் கண்டது ஓர் உருவத்தை. தேடினான் என்பது அவள் சேர்த்தது. கதையின் இறுதியில், காப்பதாக எண்ணி அவள் இறுகப் பற்றிய கைகளுக்குள் மைல்ஸ் உயிர் துறக்கிறான்.

வகுப்பறைக்கு மூன்று வினாக்கள்

இக்கதைகளைக் கற்பிக்கும்போது மாணவரிடம் மூன்று வினாக்களை முன்வைக்கலாம்.

முதலாவது: கதைசொல்லி கண்டது எது, கேட்டது எது, கருதியது எது? ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வினைமுற்றுக்கும் 'ஆம்', 'போலும்' ஆகியவை பொருந்துமா என்று ஆய்ந்து பார்க்கச் செய்யலாம். தமிழ் அறிந்த மாணவருக்கு இது நல்ல பயிற்சி.

இரண்டாவது: அவர் யாரிடம், எந்தத் தேவை பற்றிக் கூறுகிறார்? தமக்குப் பித்தில்லை என்று நிறுவுவதற்கா, குற்றத்தைத் தணிப்பதற்கா, தம்மை நம்பும் ஒருவரேனும் வேண்டும் என்பதற்கா?

மூன்றாவது: அவர் சொல்லுக்கு இணங்காத பொருள் எது? விரிசலையும் தடத்தையும் அவரே வருணித்திருப்பார். பொருள் மட்டும் உணர்ந்திருக்கமாட்டார். குறியீட்டைத் தேடும் மாணவர் இவ்விடத்தில் தேடினால், கருமை தீமையைக் குறிக்கும், செம்மை குருதியைக் குறிக்கும் என்னும் பட்டியல் விடைகளுக்கு அப்பால் செல்வர்.

நிறைவுரை

இவ்வைந்து கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. போவின் கொலைகாரர் முதியவரை நேசித்ததாகக் கூறுகிறார். அஷரின் நண்பர் துணைசெய்ய வந்தவர். நெல்லி தாயற்ற பிள்ளைகளை வளர்த்தவர். மருத்துவன் ஜான் மனைவியின் நலம் நாடுபவன். இல்லத்து ஆசிரியை குழந்தைகளைக் காக்க நின்றவள். இவர்களுள் எவரும் தம்மைத் தீயவர் என்று கருதவில்லை. தம் அன்பில் அவர்களுக்கு ஐயமே இல்லை. தம் கண்ணிலும் ஐயமில்லை. அவ்வுறுதியே எதிரில் இருந்தவரின் குரலை அடக்கிற்று. கோதிக் புனைகதையின் அச்சம் பாழ்மாளிகையிலோ ஆவியிலோ முடிவதன்று. பிறர் பொருட்டு நாம் கொள்ளும் உறுதியிலும் அது உறைகிறது.

ஆசிரியராயினார்க்கு இது அயலான செய்தியன்று. ஒரு மாணவன் சொல்வதை நம்புவதா, அவனைப்பற்றிப் பிறர் சொல்வதை நம்புவதா என்னும் வினா நம்முன் நாள்தோறும் எழுகின்றது. கண்டதையும் கருதியதையும் பிரித்தறியும் பழக்கத்தை நூலில் கற்றவர் வாழ்விலும் சற்றுத் தயங்கிக் கேட்பர். திருமதி குரோஸ் கண்ணாடி வழியே கண்டதுபோல் நம் முகத்தை வெளியிலிருந்து காணும் வாய்ப்பு நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவ்வாய்ப்பை இக்கதைகள் தருகின்றன. ஆகவே அவற்றை நாம் தொடர்ந்து கற்பித்தல் வேண்டும்.